ரோஸலான் ஏரிக்கு மேலே: போஃபோர் சீஸ் பிறக்கும் மலையில்

திங்கட்கிழமை, ஆல்பர்வில்

லியோனிலிருந்து ஷாம்பேரி வழியாக ரயிலில் வரும்போது, இரு பக்க மலைகளும் மெல்ல நெருங்கி வந்து சமவெளியைக் குறுக்கிவிடும் இடத்தில் ஆல்பர்வில் இருக்கிறது. 1992 ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் இங்கே நடந்தன. எனக்கு இந்த ஊரில் ஓர் இரவு தங்குவதைத் தவிர வேறு வேலையில்லை. இங்கிருந்து தோரோன் ஆற்றை ஒட்டிக் கிழக்கே இருபது கிலோமீட்டர் ஏறினால் போஃபோர் என்ற சிற்றூர் வரும். அந்த ஊரின் பெயரிலேயே விற்கப்படும் சீஸ் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

பிரெஞ்சுச் சீஸ் என்றதும் வெளிநாட்டவர்க்கு நினைவுக்கு வருவது காமம்பேர் போன்ற மென்மையான, கையடக்கமான வகைகள்தாம். மலைநாட்டுச் சீஸ் வேறு குலத்தைச் சேர்ந்தது. ஆண்டில் பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் ஊரில், கோடையில் பெருகும் பாலை அடுத்த கோடை வரை கெடாமல் வைத்திருக்க வேண்டும்; அதைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றித் தொலைவிலுள்ள சந்தைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்துதான் மலைச் சீஸைப் பெரியதாகவும், கெட்டியாகவும், நீர் வற்றியதாகவும் ஆக்கின. போஃபோர் வட்டு ஒன்றின் எடை 20 கிலோவிலிருந்து 70 கிலோ வரை இருக்கலாம் என்று விதி சொல்கிறது. கடைகளில் காணப்படுபவை பெரும்பாலும் 40 கிலோவை ஒட்டியவை. ஒரு கிலோ சீஸுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் பால் தேவைப்படுவதால், நடுத்தரமான ஒரு வட்டுக்குள் 400 லிட்டர் பால் அடங்கியிருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு வட்டுகளைக் குறுக்கே வெட்டி அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று தந்த நிறம். மற்றொன்று நல்ல மஞ்சள். குளிர்காலத்தில் தொழுவத்தில் நின்று காய்ந்த புல்லைத் தின்ற மாட்டின் பாலிலிருந்து வந்தது முதலாவது. கோடையில் மலைமேல் பச்சைப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலிலிருந்து வந்தது இரண்டாவது. பச்சைப் புல்லிலுள்ள கரோட்டின்தான் மஞ்சள் நிறத்துக்குக் காரணம், நிறமி எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டு வட்டுகளின் விளிம்பும் வெளிப்பக்கமாகப் புடைக்காமல் உட்பக்கமாகக் குழிந்திருந்தது. வேறு எந்தப் பெரிய மலைச் சீஸோடு கலந்து வைத்தாலும் போஃபோரை இந்தக் குழிவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை, போஃபோர்

பேருந்து காலையில் கொண்டுவந்து விட்டது. கூம்புக் கூரை வீடுகள், ஒரு தேவாலயம், ஆற்றின் மேல் பாலம் என்று ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடக்கூடிய ஊர். எஞ்சிய நாள் முழுவதும் கூட்டுறவுப் பால் சங்கத்தின் கட்டடத்திலேயே போயிற்று.

இந்தச் சங்கம் 1961 இல் தொடங்கப்பட்டது என்பதைக் கேட்டவுடன், அந்த ஆண்டின் பின்னணியை அறிந்துகொண்டால்தான் மற்றவை புரியும் என்று தோன்றியது. 1950களின் பிற்பகுதியில், பிரான்சின் தேசிய மின் நிறுவனமான எலெக்ட்ரிசித்தே த ஃப்ரான்ஸ் இந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் ரோஸலான் அணையைக் கட்டத் தொடங்கியது. 150 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 800 மீட்டர் நீளமும் கொண்ட அந்த அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் ரோஸலான் என்ற சிற்றூரும், அதைச் சுற்றி இருந்த மிகச் சிறந்த மேய்ச்சல் நிலங்களும் மூழ்கின. இழந்த நிலம் ஒரு பக்கம். கட்டுமான வேலை மறுபக்கம். மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றவுடன் இளைஞர்கள் மாட்டை விட்டுவிட்டு அணைக்குப் போனார்கள். மாடு வைத்திருப்பவருக்கோ ஞாயிறும் இல்லை, திருவிழாவும் இல்லை. மலையில் சீஸ் காய்ச்சும் குடிசைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. இன்னும் ஒரு தலைமுறை இப்படியே போயிருந்தால் போஃபோர் என்ற சீஸ் பழைய புத்தகங்களில் மட்டும் இருந்திருக்கும்.

அந்த நேரத்தில்தான் பள்ளத்தாக்கு மக்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். இந்த மீட்சியை முன்னின்று நடத்தியவர்களில் மக்சிம் வியாலே என்பவரின் பெயரை இங்கே இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். 1968 இல் இந்தச் சீஸுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பிடச் சான்று கிடைத்தது. 1996 இல் ஐரோப்பிய அளவிலான பாதுகாப்பும் வந்தது. எனினும் சான்றிதழ் ஒன்றே ஒரு பொருளைக் காப்பாற்றிவிடாது என்பது என் எண்ணம். பட்டயம் கையில் இருந்தும் தரம் நீர்த்துப் போன பொருள்கள் எங்கும் உண்டு. போஃபோரைக் காப்பாற்றியது, அந்தச் சான்றுக்காகத் தங்களுக்குத் தாங்களே இவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடுகள்தாம்.

அவற்றில் சில வியப்பளிப்பவை. பால் தாரீன், அபோந்தான்ஸ் என்ற இரண்டு மலையினப் பசுக்களிடமிருந்து மட்டுமே வர வேண்டும். மந்தையின் சராசரிக் கறவை, மாடு ஒன்றுக்கு ஆண்டில் 5,000 கிலோவைத் தாண்டக் கூடாது. அதாவது, கூடுதலாகக் கறக்கும் மாடு வேண்டாம் என்று பால்காரர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். சமவெளியின் ஹோல்ஸ்டீன் மாடுகள் இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கறக்கும். ஆனால் அதற்கு மூட்டை மூட்டையாக அடர்தீவனம் போட வேண்டும், அந்தத் தீவனம் இந்த மலையில் விளைவதில்லை. கறவைக்கு வரம்பு கட்டினால் தீவன லாரியும் தானாகவே நின்றுவிடும், மாடு புல்லையே நம்பி வாழும் என்பது கணக்கு.

சைலேஜுக்கும் முழுத் தடை. ஊறுகாய்ப் புல் என்று நம் கால்நடைத் துறையினர் சொல்வது இதைத்தான். ஈரப் புல்லைக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைக்கும்போது அதில் குளோஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாவின் வித்துகள் பெருகக்கூடும். அவை தீவனத்திலிருந்து சாணத்துக்கும், சாணத்திலிருந்து மடிக்கும், மடியிலிருந்து பாலுக்கும் வந்து சேரும். சீஸுக்குள் அமைதியாகக் கிடந்து, சில மாதங்கள் கழித்து வாயுவை வெளியிட்டு வட்டையே உப்ப வைத்து வெடிக்கச் செய்துவிடும். பாலைப் பச்சையாகவே பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வித்துகள் பரம எதிரி. எனவே குளிர்காலம் முழுவதும் காய்ந்த புல் மட்டுமே.

சங்கத்தின் நிலவறையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளில் கூரை வரை வட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. காற்றில் ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கும் மேல், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழ். குறைந்தது 5 மாதம், பெரும்பாலும் அதற்கு மேலும், ஒவ்வொரு வட்டும் இங்கே இருந்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறையாவது ஒவ்வொன்றையும் எடுத்து, உப்பிட்டு, மோர்ஜ் என்ற உப்புநீர்க் கலவையால் மேல்தோலைத் தேய்த்து, புரட்டி வைக்க வேண்டும். அந்தக் கலவையில் பழைய வட்டுகளின் தோலிலிருந்து வந்த நுண்ணுயிர்களும் உண்டு. மூத்த சீஸிடமிருந்து இளைய சீஸுக்குத் தோல் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது. இந்த வேலையை இப்போது ஓர் இயந்திரன் செய்கிறது. இரண்டு பலகை வரிசைகளுக்கு நடுவே அது ஊர்ந்து வந்து, 40 கிலோ வட்டை இழுத்து, தேய்த்து, கவிழ்த்து, மறுபடி அதே இடத்தில் செருகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் சுற்றுலாப் பயணிகள் உண்டாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான வட்டுகளைக் கையால் தூக்கிப் புரட்டியவர்களின் முதுகு என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை, ரோஸலான்

வாடகைக் காரில் மேலே ஏறினேன். காடு முடிந்ததும் ஏரி திடீரெனக் கண்முன் விரிகிறது. நீரின் மட்டம் ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில். கரையில் ஒரு சிறிய கல் தேவாலயம் நிற்கிறது. மூழ்கிய ஊரின் தேவாலயத்துக்கு மாற்றாகக் கட்டப்பட்டது. இந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே விழுந்து, தாரந்தேஸ் என்ற அடுத்த பள்ளத்தாக்கின் பக்கத்திலுள்ள லா பாத்தி மின் நிலையத்தைச் சுழற்றுகிறது. பயணிகள் எல்லோரும் நீரின் நிறத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அழகான ஏரிதான். அதன் அடியில் எத்தனை மாடுகளுக்கான புல் கிடக்கிறது என்று நேற்றுக் கேட்ட கதையிலிருந்து என்னால் விடுபட முடியவில்லை.

ஏரிக்கு மேலே, சாலையிலிருந்து மண்பாதையில் அரை மணி நேரம் நடந்தால் வரும் ஒரு கோடைக் குடிலில் இரவு தங்க இடம் கிடைத்தது. நடுத்தர வயதுத் தம்பதியும் இரண்டு உதவியாளர்களும் ஜூன் நடுவில் மாடுகளோடு மேலே வந்து, புல் முடிந்து குளிர் தொடங்கும் வரை இங்கேயே இருப்பார்கள். குளிர்காலத்தில் கணவர் பனிச்சறுக்கு மையம் ஒன்றில் கம்பிவட ஊர்தியை இயக்குகிறார். இந்தப் பள்ளத்தாக்கில் இது வழக்கமான ஏற்பாடு: கோடையில் மாடு, பனிக்காலத்தில் சறுக்கு மையம். பனிச்சறுக்குத் தொழில் வந்ததால் வேளாண்மை அழிந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; இங்கே அந்தச் சம்பளம்தான் பல வீடுகளில் மாட்டை விற்காமல் காப்பாற்றியிருக்கிறது.

மந்தையில் அறுபதுக்குக் கிட்ட மாடுகள். தாரீன் மாடு சந்தன நிறத்தில், கண்ணைச் சுற்றி மையிட்டதுபோல் கறுப்பு வளையத்தோடு இருக்கிறது. குளம்பும் கறுப்பு, செங்குத்தான சரிவில் பாறைக்குப் பாறை தாவி நிற்பதற்கு ஏற்ற உறுதியானது. அபோந்தான்ஸ் செம்பழுப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்டது, கண்களைச் சுற்றி மட்டும் செம்பழுப்பு வட்டம். மாலையில் கறவைக்குக் கூப்பிட்டபோது, சரிவு முழுவதும் சிதறியிருந்த கழுத்துமணிகளின் ஒலி ஒரே திசையில் திரும்பி இறங்கி வந்தது.

மாடுகள் குடிலுக்கு வரவில்லை. கறவை இயந்திரம்தான் மாடுகளைத் தேடிப் புல்வெளிக்குப் போயிருந்தது. சக்கரம் பூட்டிய, கூரை போட்ட ஒரு வண்டி. இரு பக்கமும் மாடுகள் ஏறி நிற்கின்றன, முன்னால் கொஞ்சம் தீவனம், மடியில் உறிஞ்சு குழாய்கள். புல் தீரத் தீர வண்டியை டிராக்டரில் கட்டி வேறு இடத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள். பார்வைக்கு ஒரு பழைய ஆட்டுக் கொட்டகை போல இருக்கும் இந்த நகரும் கறவை வண்டிதான், 1960களுக்குப் பிறகு, மலைச் சீஸை உயிரோடு வைத்திருந்த கண்டுபிடிப்பு. கையால் கறந்தால் ஒருவர் ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு மாடுகளுக்கு மேல் தாங்க மாட்டார். பெரிய மந்தைக்கு எட்டுப் பத்துக் கறவைக்காரர்கள் வேண்டும், அவர்களுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும், அதுவும் அணையில் வேலை கிடைக்கும் காலத்தில். இயந்திரம் வந்ததும் நான்கு பேரால் ஒரு மலையை நடத்த முடிந்தது.

பழைய காலத்தில் ஆள்கள் எத்தனை விதமாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்பதை அந்த அம்மையார் இரவு உணவின்போது விவரித்தார். பல வீட்டு மாடுகளை ஒன்றாகச் சேர்த்து மலைக்கு ஏற்றும் முறை அது. சீஸ் காய்ச்சுபவர் ஒருவர், மேய்ப்பவர், கறப்பவர்கள், இவர்களோடு முளைக்குச்சி அடிப்பதற்கென்றே தனியாக ஓர் ஆள். இரவில் மாடுகளை அவிழ்த்துவிடாமல் சரிவில் வரிசையாக முளையடித்துக் கட்டுவார்கள். மறுநாள் இரவு அந்த வரிசை சற்றுத் தள்ளிப் போகும். சாணமும் மூத்திரமும் மலை முழுவதும் ஒரே சீராக விழ வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. நம் ஊரில் வயலில் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை, அதே குடில்

விடியும் முன்பே இரண்டாவது கறவை முடிந்து, பால் வந்துவிட்டது. மலைக்குடில் போஃபோர் என்று தனி முத்திரை பெறும் வகைக்கு விதிகள் இன்னும் கடுமை: 1,500 மீட்டருக்கு மேலுள்ள குடிலில், ஒரே மந்தையின் பாலை, கறந்த உடனேயே, நாளைக்கு இரண்டு வேளையும் காய்ச்ச வேண்டும். மாலைப் பாலைக் குளிரூட்டி வைத்துக் காலைப் பாலோடு சேர்த்துவிட்டால் வேலை பாதியாகும். அந்த வசதியைத் துறந்திருக்கிறார்கள். மடியின் சூடு ஆறாத பால் நேரே செம்புக் கொப்பரைக்குப் போகிறது. அதைக் கொதிக்க வைப்பதில்லை, பாஸ்டர் முறையில் சூடேற்றுவதும் இல்லை. 33 டிகிரி அளவில் உறை சேர்க்கிறார்கள்.

அந்த உறை கடையில் வாங்கியது அன்று. கன்றின் உலர்ந்த இரைப்பைத் துண்டுகளை, முந்தைய நாள் சீஸ் காய்ச்சியதில் மிஞ்சிய தெளிநீரில் ஊற வைத்துத் தயாரிப்பது. பாலைத் திரிக்கும் நொதி இரைப்பையிலிருந்து வருகிறது; புளிக்கச் செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த நீரிலேயே வளர்கின்றன. சைவ உணவினர் இதைத் தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும். போஃபோரில் மட்டுமன்று, ஐரோப்பாவின் பழைமையான சீஸ் வகைகளில் பெரும்பாலானவற்றில் இதே நிலைதான்; பால் பொருள்தானே என்று எண்ணிச் சாப்பிடும் நம்மவர்கள் அநேகர்.

அரை மணிக்குள் பால் அசையாத வெண்ணிறக் கட்டியாக உறைந்துவிட்டது. கணவர் கையின் புறப்பக்கத்தை அதன்மேல் வைத்து அழுத்தி, பிளவு சுத்தமாக விழுகிறதா என்று பார்த்தார். பிறகு கம்பிகள் பூட்டிய சட்டத்தால், முதலில் மெதுவாகவும் பின்பு வேகமாகவும், கட்டியைக் கோதுமை மணி அளவுக்கு நறுக்கினார். துண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நீர் வெளியேறும். நீண்ட நாள் முதிர வேண்டிய சீஸுக்கு நீர் குறைவாக இருக்க வேண்டும். இதற்குப் பிறகுதான் அடுப்பைக் கூட்டுகிறார்கள். 53 டிகிரியைத் தாண்டும் வரை, துடுப்பு நிற்காமல் சுழல, மணிகள் சுருங்கிச் சுருங்கிக் கெட்டியாகின்றன. சுவரில் வெப்பமானி தொங்கியது. ஆனாலும் அவர் ஒரு பிடி மணிகளை அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, மீண்டும் விரித்து உதிர்த்துப் பார்த்தார். முதல் முறை ஒட்டிக்கொண்டன. இரண்டாம் முறை இறுக்கியபோது கட்டியாகி, விரலால் தேய்த்ததும் மணி மணியாகப் பிரிந்தன. உடனே அடுப்பை அணைத்தார்.

அடுத்த ஐந்து நிமிடங்களில்தான் குடிலே பரபரத்தது. வளையும் உலோகப் பட்டையில் ஒரு பெரிய துணியின் விளிம்பைச் சுற்றி, துணியின் மறுமுனையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கொப்பரைக்குள் தோள் வரை கையை விட்டுக் குனிந்தார். பட்டை கொப்பரையின் அடிப்பக்கத்தை உரசியபடி அந்தப் பக்கம் போய், மணிகள் முழுவதையும் துணிக்குள் வாரிக்கொண்டு மேலே வந்தது. கூரையிலிருந்து தொங்கிய கப்பியில் மூட்டையைக் கட்டி ஏற்றியதும், அருவி போல் நீர் கொட்டியது. அப்படியே பீச் மரத்தாலான வளையத்துக்குள் இறக்கி, கயிற்றை இறுக்கி, மேலே பலகை வைத்து அழுத்தினார்கள். அந்த வளையத்தின் உட்பக்கம் வெளிநோக்கிப் புடைத்திருக்கிறது. திங்கட்கிழமை பார்த்த குழிவு இங்கே விழுவது. கழுதை மேல் கயிறு கட்ட வசதியாக இருந்தது என்று சொல்வார்கள். சூடான நிலையில் பக்கங்கள் பிதுங்கிச் சரியாமல் இருக்கவும் அது உதவுகிறது.

அழுத்துவதற்கு முன், வட்டின் பக்கவாட்டில் நீல நிறத்தில் ஒரு சிறிய தகட்டை ஒட்டினார் அம்மையார். பாலின் புரதமான கேசீனிலேயே செய்த தகடு. எங்கே, எப்போது செய்தது என்ற அடையாளம் அதில் இருக்கிறது. சீஸின் தோலோடு அது ஒன்றிப்போய்விடும், பிறகு யாராலும் பிய்த்து வேறு வட்டில் ஒட்ட முடியாது. பல முறை புரட்டப்பட்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் அழுத்தத்தில் கிடந்து, பின்பு உப்புநீரில் முழுகி எழுந்த பிறகுதான் வட்டு பலகைக்குப் போகும். கொப்பரையில் மிஞ்சிய நீரும் வீணாவதில்லை. அதன் மேலே திரளும் கொழுப்பைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, மீதியைப் புளிக்காடியோடு சூடாக்கினால் செராக் என்ற வெள்ளைப் பால்திரள் கிடைக்கிறது. காலை உணவுக்கு அதைத்தான் உப்புத் தூவிக் கொடுத்தார்கள். இளஞ்சூட்டில் பனீரைவிட மென்மையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை, பூர் சேன் மோரிஸ்

1,967 மீட்டர் உயரமுள்ள கோர்மே த ரோஸலான் கணவாயைக் கடந்து தாரந்தேஸ் பக்கம் இறங்கினேன். குளிர்காலம் முழுவதும் பனியால் மூடப்படும் சாலை இது. மிதிவண்டிக்காரர்கள் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். மோண்ட் பிளாங்க் பக்கமிருந்து மேகம் வந்து காட்சியை மறைத்துவிட்டது.

பூர் சேன் மோரிஸ் கடையில் மூன்று துண்டுகளை வாங்கி, ஆற்றங்கரைப் பலகையில் உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தேன். குளிர்காலத்துப் போஃபோரில் பாலின் இனிப்பும் வேகவைத்த கொட்டையின் மணமும் அடக்கமாக இருந்தன, கடிக்கையில் வழவழப்பு. ஜூனிலிருந்து அக்டோபர் வரையிலான பாலில் செய்யும் கோடைப் போஃபோர் உடனே மூக்கைத் தொட்டது. பழத்தின் புளிப்பும், காய்ந்த பூக்களின் வாசனையும், கடைசியில் நாவின் ஓரத்தில் ஓர் உப்பும். மலைக்குடில் முத்திரையுள்ள மூன்றாவது துண்டு இன்னும் முரடு: தொழுவத்தின் சாயல் லேசாக, அதன் பின்னால் நெய்யைப் போன்ற நீண்ட சுவை. வட்டுக்கு வட்டு மாறும் சீஸ் இது. ஒரு மலையின் ஒரு வேளைப் பால் மட்டுமே உள்ளே இருப்பதால், நேற்றைய வட்டும் இன்றைய வட்டும் உடன்பிறந்தவையாக இருந்தாலும் இரட்டையர் ஆவதில்லை.

மூன்றில் மிக விலையுயர்ந்தது மூன்றாவது. குடிலில் நான்கு பேர் படும் பாட்டைப் பார்த்த பிறகு அந்த விலை எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அதிகம் பிடித்தது ஓராண்டு முதிர்ந்த அந்தக் கோடைத் துண்டுதான். அது பல மந்தைகளின் பாலைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கத்தில் செய்து, இயந்திரன் புரட்டி வைத்த வட்டிலிருந்து வெட்டியது. வாங்குவோருக்கு ஒரு சொல்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே சாப்பிட வேண்டாம். ஒரு மணி நேரமாவது வெளியில் இருந்தால்தான் மணம் திறக்கும். நெகிழித் தாளில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் புழுங்கிவிடும். கடைக்காரர் கொடுத்த மெழுகுத் தாளோ ஈரத் துணியோ போதும். தோலைச் சீவிவிட்டுச் சாப்பிடலாம். பாரிஸ் ரயிலில் என் பெட்டியில் இருந்தவர்களுக்கு இரண்டு கிலோ போஃபோரின் மணத்தைப் பற்றி என்ன கருத்து இருந்தது என்பதை, அவர்கள் ஜன்னலைத் தேடிய விதத்திலிருந்து ஊகித்துக்கொண்டேன்.